காதுக்கு எழுதுங்கள்!

வாசகர்களே, கோவை வானொலியை ஒரு நாள் முழுதும் கேட்டுப் பாருங்கள். செய்தி, நாடகம், உழவர் நிகழ்ச்சி எனப் பேச்சு பல வடிவம் கொள்ளும். இவற்றுள் உழவர் நிகழ்ச்சியே மனத்தில் பதிகிறது. வினாவும் விடையுமாய்ச் சிறு வாக்கியங்களில் அமைவதே காரணம். 1960களில் திருச்சி வானொலி எடுத்துரைத்த ஏ.டி.டி. 27 நெல்லைத் தஞ்சை உழவர்கள் 'ரேடியோ நெல்' என்றே அழைத்தனர்.

ஆனால் வானொலி அறிவியல் உரைகள் பல, அச்சுக் கட்டுரையை அப்படியே வாசிப்பவை. புரியாவிட்டால் ஏட்டைத் திருப்பலாம். ஒலிபரப்பைத் திருப்ப இயலுமா? கோவையின் மத்திய அலைக்குரிய அலைவெண் 999 கிலோஹெர்ட்ஸ். அலைநீளம் ஏறத்தாழ 300 மீட்டர். இத்தகைய அலைகளை இரவில் அயனி மண்டலம் திருப்பி அனுப்புவதால் தொலைதூர நிலையங்களும் குறுக்கிடும். அந்த இரைச்சலில் நீண்ட வாக்கியம் தொலைந்துபோகும். ஆகவே அறிவியலையும் உரையாடலாக்குவோம்.