ஓடும் தண்ணீரும் ஒதுங்காத வெப்பமும்

விளையாட்டுக்கென்று தனியே பொருத்திக் கட்டப்படும் கணிப்பொறிகளுக்குள் இப்போது தண்ணீர் ஓடுகிறது. சூடேறும் சில்லின் மேல் தாமிரத்தாலான ஒரு சிறு பெட்டியை இறுக்கிப் பொருத்துகிறார்கள். அதற்குள் பம்பு தண்ணீரைத் தள்ளுகிறது. சூட்டை வாங்கிக்கொண்ட தண்ணீர் குழாய் வழியே ரேடியேட்டருக்குப் போய், விசிறிக் காற்றில் சூட்டை இழந்து மீண்டும் தொட்டிக்குத் திரும்புகிறது. ஏற்பாடு எளிது, அழகானதுங்கூட. புதியதும் அன்று. 1985இல் அமெரிக்காவில் வெளிவந்த கிரே-2 என்னும் மீத்திறன் கணிப்பொறியின் சுற்றுப் பலகைகள், மின்சாரத்தைக் கடத்தாத ஃபுளோரின் சேர்மத் திரவம் ஒன்றில் முழுவதுமாக மூழ்கியே வேலை செய்தன.

முதன்முறையாக இத்தகைய சுற்றை அமைக்க விரும்புபவருக்கு வழி சொல்லும் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் பேசுகின்றன. முதலில் குழாயின் நிறமும் விளக்குகளும். அடுத்துப் பம்பின் வலிமை. பிறகு எத்தனை ரேடியேட்டர். கடைசியில், இடமிருந்தால், தண்ணீரைப் பற்றி இரண்டு வரி. இந்த வரிசை சரிதானா? உரசிப் பார்க்க உரைகல் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. செங்கற்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரத்துக்குச் சற்றுத் தெற்கே, கல்பாக்கம் இருக்கிறது. திரவத்தை ஓடவிட்டு வெப்பத்தைச் சுமக்க வைப்பது அங்கே பல்லாண்டுத் தொழில். அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருந்தாலும், இயற்பியல் விதி இரண்டுக்கும் ஒன்றே.

வெப்பம் கடைசியில் எங்கே போகிறது?

கல்பாக்கத்தில் 1983இல் இயங்கத் தொடங்கிய சென்னை அணுமின் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே எரிபொருளின் வெப்பத்தைக் கனநீர் வாங்குகிறது. கனநீரிடமிருந்து சாதாரண நீர் வாங்கி ஆவியாகிறது. டர்பைனைச் சுழற்றிய ஆவியைக் கடல்நீர் குளிர்விக்கிறது. உலை தரும் வெப்பத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. மீதியில் பெரும்பகுதி கடலுக்குப் போகிறது. அதற்காகவே கடலடியில் ஏறத்தாழ அரை கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் குடைந்து நீரை உள்ளே கொண்டுவந்தார்கள். வெப்பத்தைக் கொட்டுவதற்கு இடம் இருக்கிறதா என்பதே அங்கே முதல் கேள்வி.

உங்கள் கணிப்பொறிக்குக் கடல் எது? நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறைதான். விளையாடும்போது இரு சில்லுகளும் சேர்ந்து 400 வாட் வெப்பம் தருவதாகக் கொள்வோம். பத்தடி நீள, அகல, உயரமுள்ள அறையில் இருக்கும் காற்றின் எடை சுமார் 33 கிலோகிராம். கதவும் சன்னலும் மூடியிருந்து, சுவர்கள் எதையும் உறிஞ்சாவிட்டால், ஒன்றரை நிமிடத்துக்குள் அந்தக் காற்று ஒரு டிகிரி சூடேறிவிடும். உண்மையில் சுவரும் தரையும் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வதால் ஏற்றம் மெதுவாகவே நிகழும். ஆனால் வெப்பம் மறைந்துவிடுவதில்லை. மூன்று மணி நேரம் விளையாடினால் 1.2 யூனிட் மின்சாரம் முழுவதும் வெப்பமாக அறைக்குள்தான் இறங்குகிறது. காற்றால் குளிர்வித்தாலும் தண்ணீரால் குளிர்வித்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

ஆகவே, ‘தண்ணீர் ஓடினால் அறை குளுமையாக இருக்கும்’ என்ற எண்ணம் தவறு. ரேடியேட்டரில் ஓடும் தண்ணீர் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக ஒருபோதும் ஆகாது. சித்திரை மாதத்தில் அறை 36 டிகிரி என்றால், தண்ணீர் அதற்கு மேல்தான் நிற்கும். மூன்றாவது ரேடியேட்டருக்குச் செலவிடும் பணத்தில் சன்னலில் வெளியேற்று விசிறி ஒன்றை வைப்பது பல வீடுகளில் கூடுதல் பலன் தரும். வழிகாட்டிகள் இதைச் சொல்லாதது பெருங்குறை.

வேகம் தரும் மயக்கம்

பம்பு வலிமையாக இருந்தால் குளிர்ச்சி பெருகும் என்பதும் கணக்குக்கு முன் நிற்பதில்லை. நிமிடத்துக்கு மூன்று லிட்டர் ஓடும் தண்ணீர் 400 வாட் வெப்பத்தை ஏற்றால், அதன் வெப்பம் உயர்வது ஏறத்தாழ 2 டிகிரிதான். ஓட்டத்தை இரு மடங்காக்கினால் அது 1 டிகிரியாகும். அதாவது, பெரிய பம்பு வாங்கி நாம் ஈட்டுவது பெரும்பாலும் ஒரு டிகிரியும் கொஞ்சம் இரைச்சலும். எந்தச் சில்லை முதலில் குளிர்விப்பது, எதை அடுத்து வைப்பது என்று பக்கம் பக்கமாக நடக்கும் வாதத்துக்கும் இதே பதில்தான்: சுற்று முழுவதும் தண்ணீரின் வெப்பம் ஏறத்தாழ ஒன்றே, குழாய் எப்படி எளிதாக வருகிறதோ அப்படி விடலாம்.

ஐஸ் கட்டியைத் தொட்டியில் போடும் யோசனையும் சிலரிடம் உண்டு. நம் கடற்கரைக்கு இது ஆகவே ஆகாது. 30 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில், 25 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் வியர்வைபோல் நீர் அரும்பும். மோர்ச் செம்பின் வெளிப்புறம் நனைவதைப் போல, கணிப்பொறிக்குள் குழாயும் பலகையும் நனையும். கசிவே இல்லாத சுற்றிலிருந்தும் நீர் சொட்டும்.

தண்ணீரும் உலோகமும்

கல்பாக்கத்துக் கடல்நீர்க் குழாயில் இன்னொரு பாடம் உண்டு. பச்சை மட்டிகளும், படகின் அடியில் ஒட்டிக்கொள்ளும் கொட்டலசுகளும் சுரங்கச் சுவரில் குடியேறின. அவற்றைத் தடுக்கக் குளோரின் சேர்க்க வேண்டியிருந்தது. குளிர்விக்கும் திரவம் வெறும் வாகனம் அன்று. அதற்குள் உயிர் வளரும், உப்புப் படியும், உலோகம் கரையும்.

வீட்டுச் சுற்றில் மட்டிக்குப் பதில் பாசி. ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால், அதிலுள்ள சுண்ணாம்பு உப்பு தாமிரப் பெட்டியின் மயிரிழைப் பள்ளங்களை அடைத்துவிடும். வாலை வடிநீரும், பாசியையும் அரிப்பையும் தடுக்கும் மருந்தும் இன்றியமையாதவை. அதைவிட முக்கியமானது ஒன்று: தாமிரப் பெட்டியும் அலுமினிய ரேடியேட்டரும் ஒரே சுற்றில் சேரக் கூடாது. இரு வேறு உலோகங்களும் இடையே நீரும் இருந்தால் அது ஒரு மின்கலம். அலுமினியம் மெல்ல மெல்ல அரிக்கப்படும். விலை குறைவு என்று அலுமினிய ரேடியேட்டரைச் சேர்ப்பவர் இதை அறியாமலே சேர்க்கிறார். குழாயின் நிறத்துக்கு நான்கு பக்கம் ஒதுக்கும் குறிப்புகள் இந்த எச்சரிக்கையைக் கடைசி வரியில் வைப்பது நியாயமன்று.

மூட்டுகளின் எண்ணிக்கை

கல்பாக்கத்தில் 1985 அக்டோபர் 18 அன்று தொடர்வினையை எட்டிய சோதனை வேக ஈனுலையில் ஓடும் திரவம் உருகிய சோடியம். அது 98 டிகிரியில் உருகும்; 883 டிகிரியில்தான் கொதிக்கும்; தண்ணீரைவிடப் பன்மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஆனால் காற்றுப் பட்டால் எரியும். 2002இல் அங்கே சுமார் 75 கிலோகிராம் சோடியம் கசிந்தது. கசிந்த இடம் உலையின் நடுப்பகுதி அன்று. சோடியத்தைச் சுத்திகரிக்கும் கிளைக் குழாயில் இருந்த ஒரு வால்வு. ஜப்பானில் மோஞ்சு ஈனுலையில் 1995 டிசம்பரில் சோடியம் கசிந்து தீப்பிடித்ததும் அப்படியே. குழாய்க்குள் நீட்டியிருந்த வெப்பமானியின் உறை, ஓட்டத்தின் அதிர்வால் முறிந்ததே அதற்குக் காரணம். காவலுக்கு வைத்த கருவியே கசிவுக்கு வழியாயிற்று.

கல்பாக்கத்தில் அடுத்துக் கட்டிய 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலையில், முதன்மைச் சோடியத்தைச் சுமக்கும் பம்புகளையும் வெப்ப மாற்றிகளையும் ஒரே பெருந்தொட்டிக்குள் வைத்தார்கள். வெளியே சுற்றும் முதன்மைக் குழாய்கள் இதனால் வெகுவாகக் குறைந்தன.

வீட்டுச் சுற்றுக்கு இதன் பொருள் வெளிப்படை. ஓட்டத்தைக் காட்டும் சக்கரம், வண்ண வெப்பமானி, அழகுக்காக நான்கு முழங்கை வளைவு என்று சேர்க்கும் ஒவ்வொன்றும் இரண்டு புதிய மூட்டுகளைக் கொண்டுவருகிறது. வெப்பமானி ஒன்று பயனுள்ளது. மற்றவற்றைக் கணக்குப் பார்த்துச் சேருங்கள்.

எது சரியான வரிசை?

இந்தத் திட்டத்தில் நன்மையே இல்லை என்பது நம் கருத்தன்று. ஒரு சிறு சில்லில் குவியும் வெப்பத்தை அகன்ற ரேடியேட்டருக்குப் பரப்பி, மெதுவாகச் சுழலும் விசிறியால் ஓசையின்றி ஆற்றுவதில் தண்ணீருக்கு ஈடில்லை. வெப்பப் பரிமாற்றத்தைக் கைப்படக் கற்க இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் மாணவருக்குக் கிடைப்பதும் அரிது. ஆனால் ஒரே ஒரு சாதாரணச் சில்லுக்கு நல்ல காற்றுக் குளிர்விப்பானே போதும். செலவும் குறைவு, கசியவும் கசியாது.

அமைத்தே தீருவது என்று முடிவு செய்தால், வரிசையைத் தலைகீழாக்குங்கள். அறையின் வெப்பம் வெளியேற வழி முதலில். மொத்த வாட் எவ்வளவு, அதற்கு எவ்வளவு ரேடியேட்டர் என்பது இரண்டாவது. ஒரே குடும்ப உலோகங்களும் தூய நீரும் மூன்றாவது. குறைந்த மூட்டுகள் நான்காவது. அடுத்து, கணிப்பொறிக்கு மின்சாரம் தராமல் பம்பை மட்டும் ஒரு நாள் முழுக்க ஓட்டி, ஒவ்வொரு மூட்டின் கீழும் காகிதம் வைத்துப் பாருங்கள். காகிதம் நனையவில்லை என்றால் மட்டுமே மின்சாரம். ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீரை வடித்து மாற்றவும், உப்புக் காற்றால் ரேடியேட்டர் இதழ்கள் பூத்துப்போகாமல் பார்த்துக்கொள்ளவும் தயாராக இருங்கள்.

குழாயின் நிறமா? அது உங்கள் விருப்பம். கடைசியாக முடிவு செய்துகொள்ளலாம்.