அரை எவரெஸ்ட் உயரத்தில் குன்றத்தூர் மலை

நவராத்திரிக் கொலுவில் மலை கட்டிப் பார்த்திருக்கிறீர்களா? ஈரமணலைக் குவித்து, கேழ்வரகு முளைவிட்டால் புல்வெளி. கண்ணாடித் துண்டு வைத்தால் தெப்பக்குளம். மலையைவிட முருகன் பெரியவராக இருப்பார். அதில் தவறில்லை. கொலுவில் அளவைத் தீர்மானிப்பது பக்தி, அடிக்கோல் அன்று.

அறிவியல் கண்காட்சியிலும் அதே மலையை வைக்கும்போதுதான் எனக்கு வழக்கு இருக்கிறது.

சென்ற ஆண்டு எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் நடுவராக அமர்ந்தேன். ஆறடிப் பலகையில் செம்பரம்பாக்கம் ஏரி முதல் மீனம்பாக்கம் வரை அடக்கியிருந்தார்கள். மரத்தூளில் சாயம் தோய்த்த வயல், தீப்பெட்டி வீடுகள், நடுவே தெர்மோகோலில் ஒன்றரை அடி உயரத்தில் குன்றத்தூர் மலை. அதன் தோளுக்குச் சமமாக ஏரி. பொத்தானை அழுத்தினால் மதகு திறக்கும். தண்ணீர் அருவிபோல் பாய்ந்து தீப்பெட்டிகளைச் சாய்க்கும். கைதட்டல் எழுந்தது. முதற்பரிசும் அதற்கே. பரிசுத் தாளில் என் கையெழுத்தும் உண்டு. ஆகவே இந்த விமரிசனத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது.

அப்போது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், இதுல எங்க வீடு எங்க இருக்கு? 2015-ல எங்க வீட்டுக்குத் தண்ணி வந்துச்சு. எதிர்த்த வரிசைக்கு வரலே. ஏன் சார்?"

மாதிரியைச் செய்தவர்களிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

ஒரு சென்டிமீட்டருக்கு 100 மீட்டர், அதாவது 10,000-ல் ஒன்று என்பது அந்தப் பலகையின் அளவுத்திட்டம். குன்றத்தூர் முருகன் கோயிலுக்கு 84 படிகள். படிக்கு அரையடி என்றால் 42 அடி, ஏறத்தாழ 13 மீட்டர். பலகையில் அது 1.3 மில்லிமீட்டர்! செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. பலகையில் முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. ஏரியின் நிறைமட்டம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 85 அடி. ஆக, நிறைந்த ஏரிக்கும் கடலுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் பலகையில் 2.6 மில்லிமீட்டர்தான். மாணவர்கள் வைத்த ஒன்றரை அடி மலையோ அதே திட்டப்படி நாலரைக் கிலோமீட்டர் உயரம். எவரெஸ்டில் பாதி!

"அப்படியானால் மாதிரியே செய்யக்கூடாதா?" என்று கேட்பீர்கள். செய்யலாம். உயரத்தை மிகைப்படுத்துவதும் குற்றமல்ல. மான்செஸ்டரில் பேராசிரியராயிருந்த ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ், பாடநூலில் நீங்கள் படிக்கும் ரெனால்டு எண்ணுக்கு உரியவர், 1885-ல் மெர்சி ஆற்றின் முகத்துவாரத்துக்கு ஒரு மாதிரி செய்தார். கிடைமட்டத்தில் சுமார் 32,000-ல் ஒன்று. உயரத்தில் 960-ல் ஒன்று. மிகைப்பாடு 33 மடங்கு! காரணம் இருந்தது. ஒரே திட்டத்தில் செய்தால் நீர் மெல்லிய படலமாகிவிடும். பரப்பு இழுவிசையும் பாகுநிலையும் அதைப் பிடித்துக்கொள்ளும். ஆறு ஓடாது, துளித்துளியாய் நிற்கும். ஆழத்தைக் கூட்டினார், அதற்கேற்ப நேரத்தையும் சுருக்கினார். பன்னிரண்டு மணிக்கு மேல் நீளும் கடல் ஓதம் அவர் தொட்டியில் சுமார் 40 நொடிகளில் வந்துபோயிற்று. மிகைப்படுத்தினார், எத்தனை மடங்கு என்று எழுதியும் வைத்தார். நம் பூண்டி நீரியல் ஆய்வு நிலையத்திலும், புனேக்கு அருகே கடக்வாஸ்லாவிலும் இத்தகைய மாதிரிகளில் நீர் ஓட்டிப் பார்க்கிறார்கள்.

போர் விளையாட்டுப் பொம்மைக்காரர்களுக்குக்கூட இந்தச் சங்கடம் தெரியும். 1812-ல் பிரஷ்ய மன்னருக்காக ரைஸ்விட்ஸ் என்பவர் மலையும் ஆறும் அமைந்த விளையாட்டு மேசை செய்தார். இன்று அந்தப் பொழுதுபோக்கில் வீரன் 28 மில்லிமீட்டர் உயரம். ஏறத்தாழ 60-ல் ஒன்று. துப்பாக்கிக் குண்டு 300 மீட்டர் பாய வேண்டுமானால் மேசை ஐந்து மீட்டர் நீளம் வேண்டும். எனவே ஆளுக்கு ஓர் அளவு, தரைக்கு வேறோர் அளவு என்று விதியிலேயே ஒப்புக்கொண்டு விளையாடுகிறார்கள். விளையாட்டில் உள்ள இந்த நேர்மையைக் கண்காட்சியில் எதிர்பார்ப்பது அதிகமா?

அந்தப் பலகையின் பெரிய பிழை மலைகூட அல்ல, வெள்ளம்தான். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் அடையாற்று நீர் அருவியாக விழவில்லை. சமவெளியில் மட்டம் ஏறிற்று, தெருத் தெருவாகப் பரவிற்று. ஒரு வரிசை மூழ்கி எதிர்வரிசை தப்பியதற்குக் காரணம் தரையின் சில அடி ஏற்றத்தாழ்வாகவே இருக்கக்கூடும். மாதிரியில் விட்டுப்போனது அந்தச் சில அடிகள்தான்.

சரி, எப்படிச் செய்யலாம்? உயரத்துக்கு 500-ல் ஒன்று என்று வையுங்கள். மிகைப்பாடு 20 மடங்கு. அதைப் பலகையின் முகப்பிலேயே கொட்டை எழுத்தில் எழுதுங்கள். இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள அட்டை ஒன்று, தரையில் ஒரு மீட்டர் உயரம். உயரக்கோடுகளின்படி வெட்டி அடுக்கினால் நிலம் எழும். ஆனால் உயரம் எங்கே கிடைக்கும்? 50,000-ல் ஒன்று அளவுள்ள சர்வே நிலவரைபடம் உதவாது. அதில் 20 மீட்டருக்கு ஒரு கோடு. நம் ஊரே இரண்டு கோடுகளுக்கு இடையில் காணாமற் போய்விடும்.

கொத்தனாரிடம் போங்கள். தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் மட்டக்குழாய் அவரிடம் உண்டு. அதன் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். தெருவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வீடு வீடாக அதைப் பிடித்துச் சென்றால் எந்த வாசல் எத்தனை அங்குலம் தாழ்வு என்பது தெரிந்துவிடும். சுவரில் 2015 வெள்ளக்கறை இன்னும் தெரிகிற வீடு இருந்தால் அதையே தொடக்கப் புள்ளியாகக் கொள்ளலாம். சுண்ணாம்பு அடிப்பதற்குள் அளந்துவிடுங்கள்.

அந்த மாணவியின் தெருவை இந்த விடுமுறையில் அளப்பதாக இருக்கிறோம். குழாய் என் செலவு. புதிய மாதிரியில் குன்றத்தூர் மலை இரண்டரை சென்டிமீட்டர்தான் வரும். மலை இப்படிச் சிறுத்துவிட்டதே என்று யாராவது குறைப்பட்டால், அவரைக் கோயிலுக்கு அழைத்துப்போய் 84 படிகளையும் எண்ணச் சொல்லுவோம்.