ராத்லோவின் தொகுப்பில் பாடகரின் இடம்

பெர்லினில் பிறந்து ரஷ்யப் பேரரசில் பணியாற்றிய வசீலி ராத்லோவ் (1837–1918), 1862இலும் 1869இலும் கிர்கிசியரிடையே மனாஸ் காப்பியப் பகுதிகளைப் பதிவுசெய்தார். 1885இல் வெளிவந்த அவரது துருக்கிய நாட்டார் இலக்கியத் தொகுப்பின் ஐந்தாம் தொகுதி முன்னுரை, பாடகர் மனப்பாடத்தை ஒப்புவிப்பவர் அல்லர், அவையறிந்து பாடுந்தோறும் புதிதாகப் புனைபவர் என எடுத்துரைத்தது. மனாஸை ரஷ்யப் பேரரசரின் நண்பனாகப் பாடகர் சித்திரித்தது, அதிகாரியாக வந்த தம்மை முன்னிட்டே என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். எழுத்துக்காக மெதுவாகச் சொல்லவைத்தது பாடலின் ஓட்டத்தைக் குலைத்ததை அவர் மறைக்கவில்லை. எனினும் அப்பாடகர்களின் பெயர்களைப் பதிவுசெய்யவில்லை. படைப்பாளியென ஏற்கப்பட்டவர் பெயரற்ற தகவலாளியாகவே அச்சேறினார். கோட்பாடு வழங்கிய தகுதியைத் தொகுப்புமுறை வழங்கவில்லை. இம்முரணைக் கருதாத ராத்லோவ் மதிப்பீடு முழுமை பெறாது.