குருமனையில் வளர்ந்த பிள்ளை
சாமுவேல் பட்லரின் நாவல் பற்றி ஒரு திறனாய்வு

ஆங்கில இலக்கியத்தில் கிராமத்துக் குருமனைக்கு ஓர் இனிய இடம் உண்டு. கோல்ட்ஸ்மித் 1766ஆம் ஆண்டில் வெளியிட்ட 'வேக்ஃபீல்டு குருவானவர்', ஆன்டனி டிராலப் 1861ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட 'ஃபிராம்லி குருமனை' ஆகிய கதைகளைப் படித்தோர் உள்ளத்தில், சிறு குறைகள் இருந்தாலும் அன்பு குன்றாத ஓர் இல்லத்தின் தோற்றமே நிலைபெறும். அத்தோற்றத்தை மறுத்து எழுந்த நூல் ஒன்று உண்டு. சாமுவேல் பட்லர் எழுதிய 'தி வே ஆஃப் ஆல் ஃபிளெஷ்' என்னும் நாவலே அது. 'மாம்சமான யாவரும் செல்லும் வழி' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம்.

விசுவாசத்தைக் கைவிட்ட ஒருவர் எழுதிய நூலை இறையியல் மாணவர்கள் ஏன் படிக்க வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். திருச்சபையின் மீது வெளியார் சுமத்தும் குற்றச்சாட்டுகளுக்கு விடை கூற நாம் பழகியிருக்கிறோம். குருமனையின் சாப்பாட்டு மேசையிலிருந்து எழும் குற்றச்சாட்டுக்கு விடை கூற நாம் பழகவில்லை. ஆகவே இந்நூலை ஆய்ந்து பார்ப்பது நமக்குப் பயன் தரும் எனக் கருதுகிறோம்.

ஆசிரியரும் நூலும்

பட்லர் 1835ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், நாட்டிங்காம்ஷயரிலுள்ள லாங்கார் என்னும் சிற்றூரின் குருமனையில் பிறந்தார். தந்தை தாமஸ் பட்லர் அவ்வூர்க் குருவானவர். பாட்டனார் ஷ்ரூஸ்பரி பள்ளியின் புகழ்பெற்ற தலைமையாசிரியராயிருந்து, பின்னர் லிச்ஃபீல்டு பேராயரானவர். பேரனும் குருப்பட்டம் பெறுவான் என்பதே குடும்பத்தின் எதிர்பார்ப்பு. கேம்பிரிட்ஜில் பயின்று முடித்த பட்லர், லண்டனில் ஏழைகளிடையே ஊழியப் பயிற்சி பெற்றார். தம் மாலைப் பள்ளிக்கு வந்த சிறுவர்களுள் ஞானஸ்நானம் பெற்றவர்க்கும் பெறாதவர்க்கும் ஒழுக்கத்தில் வேறுபாடு காணோமே என்ற ஐயம் அங்கு அவருக்குத் தோன்றியது. 1859ஆம் ஆண்டில் குருத்துவத்தைத் துறந்து நியூசிலாந்துக்குச் சென்று ஆட்டுப் பண்ணை நடத்தினார், 1864இல் திரும்பினார்.

இந்நாவலை அவர் 1873 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் விட்டுவிட்டு எழுதினார். வாழ்நாளில் அதை வெளியிடவில்லை. அவர் 1902இல் மறைந்தபின், 1903ஆம் ஆண்டில் நூல் வெளிவந்தது. பெர்னார்ட் ஷா தமது 'மேஜர் பார்பரா' நாடகத்தின் முன்னுரையில் பட்லரைப் பெரிதும் பாராட்டிய பிறகு, நூலின் புகழ் பரவலாயிற்று.

கதை பான்டிஃபெக்ஸ் என்னும் குடும்பத்தின் நான்கு தலைமுறைகளைப் பற்றியது. இலத்தீனில் அப்பெயருக்குப் பிரதான ஆசாரியன் என்பது பொருள். நான்காம் தலைமுறையினனான எர்னஸ்டே கதைத் தலைவன். பாட்டர்ஸ்பி என்னும் சிற்றூரின் குருவானவர் தியோபால்ட், அவர் மனைவி கிறிஸ்டினா ஆகியோரின் மூத்த மகன் அவன். கதையைக் கூறுபவர் குடும்ப நண்பரான ஓவர்ட்டன். பாட்டர்ஸ்பி என்பது பெயர் மாற்றிய லாங்காரே என்பதைக் கூறத் தேவையில்லை.

ஒரு ஞாயிறு மாலை

நூலின் கருத்து முழுவதும் ஒரு சிறு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் குருமனைப் பிள்ளைகளுக்கு விளையாட்டு இல்லை. மாலையில் ஞானப்பாட்டுப் பாட அனுமதி உண்டு. அதுவே அவர்களுக்குக் கிடைக்கும் இன்பம். எர்னஸ்ட் மிகச் சிறியவன். ககர ஒலி அவன் நாவில் இன்னும் படியவில்லை. 'கம்' என்று பாட வேண்டிய இடத்தில் 'டம்' என்று பாடுகிறான். தந்தை திருத்துகிறார். குழந்தை முயன்றும் மீண்டும் 'டம்' என்கிறது. தம்பிக்கு வரும் ஒலி இவனுக்கு ஏன் வரவில்லை? இது பிடிவாதம் என்று தீர்ப்புச் செய்கிறார் தந்தை. இன்னும் ஒரு வாய்ப்பு அளிக்கிறார். குழந்தை அச்சத்தால் நடுங்கி மறுபடியும் தவறுகிறது. அதை வேறு அறைக்கு அழைத்துச் சென்று அடிக்கிறார். அழுகுரல் கூடத்தைக் கடந்து வந்து கேட்கிறது. பின்னர்த் தியோபால்ட் திரும்பி வந்து, வேலைக்காரரை ஜெபத்துக்கு அழைக்க மணியடிக்கிறார்.

அன்று வாசிக்கப்பட்ட வேதபகுதி எண்ணாகமம் 15ஆம் அதிகாரம். ஓய்வுநாளில் விறகு பொறுக்கியவன் கல்லெறிந்து கொல்லப்பட்ட வரலாறு அதில் உள்ளது. வாசிப்பு நடக்கையில், சன்னல் வழியே நுழைந்த தேனீக்கள், சுவர்த்தாளில் அச்சிட்ட ரோஜாக் கொத்துகளை மெய்யான மலர்கள் என்று எண்ணி ஒவ்வொன்றாகச் சுற்றி வருவதை ஓவர்ட்டன் காண்கிறார். மலர்க்குரிய தோற்றமெல்லாம் உண்டு. தேன் மட்டும் இல்லை. இக்காட்சியைக் காட்டியபின் ஆசிரியர் நீண்ட விளக்கம் தர வேண்டிய தேவை ஏற்படவில்லை.

இதைப் படிக்கும் குருவானவர் எவரும் 'நாம் இவ்வளவு கொடியவர் அல்லோம்' என்று எளிதாகக் கூறிவிடலாம். ஆனால் பட்லர் காட்டுவது ஒரு கொடியவரை அன்று. தியோபால்ட் குடியர் அல்லர்; ஒழுக்கம் தவறியவர் அல்லர்; கடமையை விட்டவரும் அல்லர். அடித்த கையும் ஜெப மணியை அசைத்த கையும் ஒன்றே என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அக்காலத்துப் பக்தியுள்ள பெற்றோர், பிள்ளையிடம் சுயசித்தம் தலைகாட்டும்போதே அதை வேரோடு களைய வேண்டும் என்று கற்பிக்கப்பட்டிருந்தனர். தம்மைப் பொறுத்தவரை அவர் செய்ததும் ஓர் ஊழியமே. குருமனையில் மனச்சாட்சி உறங்குவதற்குப் பாவம் மட்டுமே காரணமாக வேண்டியதில்லை, ஒழுங்கும் காரணமாகலாம் என்பதே இப்பகுதியின் கூர்மை.

தந்தையின் சிறை

தியோபால்ட் தாமாக விரும்பிக் குருவானவரானவர் அல்லர். குருப்பட்டத்துக்கு முன் தம் தயக்கத்தைத் தந்தை ஜார்ஜுக்குக் கடிதம் மூலம் தெரிவித்தார். சமய நூல்களை வெளியிட்டுச் செல்வரான ஜார்ஜ், பொருளுதவியை நிறுத்திவிடுவதாக அச்சுறுத்திப் பணியவைத்தார். இவ்விதம் வளைக்கப்பட்டவர் தம் மகனை வளைக்கிறார். தலைமுறைதோறும் கைமாறும் இவ்வடிமைத்தனத்தைப் பட்லர் மிகத் தெளிவாக வரைந்திருக்கிறார்.

மரணப் படுக்கையிலுள்ள தாம்சன் என்னும் ஏழைப் பெண்ணைத் தியோபால்ட் சந்திக்கும் பகுதியை, ஊழியப் பயிற்சி பெறுவோர் அனைவரும் படிக்க வேண்டுமெனப் பரிந்துரைப்போம். அவள் நரகத்தை நினைத்து நடுங்குகிறாள். அவர் நரகம் உண்டென்னும் போதனையை உறுதிசெய்து, ஜெபங்களைச் சொல்லி எழுந்து போகிறார். இவ்வூழியத்தை அவர் உள்ளூர வெறுக்கிறார். ஆனால் தமக்குத்தாமே அதை ஒப்புக்கொள்ள அஞ்சுகிறார். தமக்கே ஆறுதல் இல்லாதவர் பிறருக்கு எதைக் கொடுப்பார்?

இதனோடு பட்லர் கூறும் ஒரு காரணத்தைச் சேர்த்து நோக்க வேண்டும். குருவானவர் எந்நாளும் ஞாயிற்றுக்கிழமையைப் போல வாழவேண்டும் எனச் சபையார் எதிர்பார்க்கின்றனர். தாம் நல்லவராயிராத குறைக்கு ஈடாக அவர் நல்லவராயிருக்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். வெளியில் இறுக்கிக் கட்டிய மனம் வீட்டுக்கு வந்ததும் அவிழ்கிறது. அப்போது கைக்கு எட்டுவோருள் தற்காப்பு அற்றவர் பிள்ளைகளே. ஆகவே மனச்சுமை அவர்கள்மீதே இறங்குகிறது. நாம் அறிந்தவரையில், குருமனை வாழ்வைப் பற்றி இதைவிட உண்மையான நோய்க்குறிப்பை எழுதியோர் சிலரே. குற்றத்தில் சபைக்கும் பங்குண்டு என்பதையும் இது உணர்த்துகிறது.

தாயின் சோபா

கிறிஸ்டினாவின் வன்மை வேறு வகைப்பட்டது. அவள் பிள்ளையை அடிப்பதில்லை. சோபாவில் அருகே அமர்த்தி, அணைத்து, அன்பின் பெயரால் அவன் இரகசியங்களை வாங்கி, பின்னர்த் தந்தையிடம் சேர்த்துவிடுகிறாள். பாவ அறிக்கையைக் கேட்பவர் காக்க வேண்டிய நம்பிக்கை இங்கே வீட்டுக்குள்ளேயே உடைகிறது. ஆயினும் அவளைப் படைப்பதில் பட்லரின் கை சற்று இளகியிருக்கிறது. பிரசவத்தில் இறந்துவிடுவோமோ என அஞ்சி அவள் தன் மக்களுக்கு எழுதிவைக்கும் நீண்ட கடிதம் நூலில் உள்ளது. அது பட்லரின் சொந்தத் தாயார் எழுதிய கடிதத்தைச் சிறிதே மாற்றி அமைத்தது. உண்மையான பக்தியும் தன்னலமும் அதில் பிரிக்க இயலாதபடி கலந்துள்ளன. பின்னர் அவள் மரணப் படுக்கையில் தீர்ப்பு நாளை எண்ணிக் கலங்கும்போது ஆறுதல் கூறுபவன், விசுவாசத்தை இழந்த எர்னஸ்டே. தாம்சன் என்னும் பெண்ணின் படுக்கையருகே தந்தை செய்யத் தவறியதை, தாயின் படுக்கையருகே மகன் செய்கிறான்.

நூலின் குறைகள்

இனி நூலின் குறைகளை நோக்குவோம். முதலாவது, தந்தையின் வழக்கு முழுமையாகக் கேட்கப்படவில்லை. வாதியும் நீதிபதியும் ஒருவரே. ஓவர்ட்டன் பார்வையாளராக நிறுத்தப்பட்டிருந்தாலும், அவர் முதுமையடைந்த பட்லரே. உண்மையான தாமஸ் பட்லர், மகன் நியூசிலாந்து செல்லப் பொருள் கொடுத்தவர். 1962ஆம் ஆண்டில் வெளிவந்த குடும்பக் கடிதங்களைப் பார்த்தால், மனக்கசப்பு மிகுந்தும் தந்தையும் மகனும் கடிதத் தொடர்பை அறுத்துக்கொள்ளவில்லை என்பது விளங்கும். அத்தொடர்பின் வேதனை நாவலில் போதிய அளவு இடம்பெறவில்லை.

இரண்டாவது குறை இதனினும் ஆழமானது. எர்னஸ்டை விடுவிப்பது எது? மனந்திரும்புதலும் அன்று, மன்னிப்பும் அன்று. அத்தை அலெதியா விட்டுச்சென்ற பணம் வளர்ந்து எழுபதாயிரம் பவுனுக்கு மேலாகி அவன் கைக்கு வருகிறது. அதனால் விடுதலை பெறுகிறான். பாட்டனாரின் பணம் அடிமைப்படுத்தியது. அத்தையின் பணம் விடுவித்தது. பணத்தின் ஆட்சி மட்டும் நீங்கவில்லை.

மேலும், எர்னஸ்ட் தந்தையாகும்போது என்ன செய்கிறான்? தன் இரு பிள்ளைகளையும் தேம்ஸ் ஆற்றங்கரையிலுள்ள ஒரு படகோட்டிக் குடும்பத்தில் வளர விட்டுவிடுகிறான். தன் தந்தை தனக்குச் செய்ததைத் தானும் செய்துவிடுவோமோ என்னும் அச்சமே காரணம். ஆசிரியர் இதை அறிவுடைமையாகக் கருதுகிறார். நமக்கோ இது தோல்வியின் ஒப்புதலாகவே தோன்றுகிறது. கொடிய வீட்டைத் தகர்க்க அவர் அறிந்தார். நல்ல வீட்டைக் கட்டும் வழியை அவர் அறியவில்லை.

ஆயினும் நூலின் தொடக்கத்தில் அதற்கான குறிப்பு ஒன்று இருக்கிறது. குடும்பத்தின் மூதாதையான ஜான் பான்டிஃபெக்ஸ், பேல்ஹாம் என்னும் சிற்றூரில் வாழ்ந்த தச்சர். தம் கையால் ஆர்கன் என்னும் இசைக்கருவியைச் செய்தவர், படம் வரைபவர், இறுதி மாலையில் தோட்டச் சுவரில் சாய்ந்து, மறையும் சூரியனுக்கு விடைகூறி மாண்டவர். அவ்வூர்க் குருவானவர் ஓவர்ட்டனின் தந்தை. அத்தச்சரின் பெருமையை உணர்ந்து மதித்த பண்பாளர். ஆகவே பட்லர் எல்லாக் குருமனைகளையும் ஒரே நிறத்தில் தீட்டிவிட்டார் என்று கூற இயலாது. பேல்ஹாமில் பணமும் பதவியும் நுழையுமுன் இருந்த எளிய மகிழ்ச்சியை அவர் கண்டார். கண்டும் அதன் ஊற்றைத் தேடாமல் கடந்துபோனார்.

நமக்குரியது

19ஆம் நூற்றாண்டில் சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. ஆகிய மிஷனெரிச் சங்கங்களின் வழியாக, குருமனை அமைப்பும் அதன் நற்பழக்கங்கள் பலவும் நம் நாட்டுக்கு வந்தன. மணியடித்துக் கூடும் குடும்ப ஜெபம் நமக்கும் அந்நியமன்று. நம் குருமனைப் பிள்ளைகளும், 'ஐயர் பிள்ளை இப்படிச் செய்யலாமா?' என்ற கேள்வியைக் கேட்டே வளர்கின்றனர்.

தன் சொந்த வீட்டை நடத்த அறியாதவன் சபையை விசாரிப்பதெப்படி என்னும் கேள்வியை 1 தீமோத்தேயு 3ஆம் அதிகாரத்திலிருந்து குருப்பட்ட ஆராதனைகளில் எடுத்துக் கூறுகிறோம். பிள்ளைகள் மனந்தளர்ந்து போகாதபடி அவர்களுக்கு எரிச்சலூட்டாதிருக்க வேண்டுமெனத் தகப்பன்மாருக்கு எழுதப்பட்ட கொலோசெயர் 3:21ஐ அவ்வளவாக எடுத்துக் கூறுவதில்லை. முதல் வசனத்தை நிறைவேற்றும் ஆவலில் இரண்டாவதை மீறுவதே பாட்டர்ஸ்பியின் பாவம்.

பாட்டர்ஸ்பியின் சாப்பாட்டு அறையில் ஒரு படம் தொங்கியது. காகங்கள் எலியாவுக்கு உணவு கொண்டுவரும் காட்சி அது. படத்தில் காகங்களுக்கும் தீர்க்கதரிசிக்கும் இடையே பெருந்தொலைவு இருந்தது. உணவு அவரிடம் சேரவே இல்லை. இது சிறுவன் எர்னஸ்டின் மனத்தை உறுத்தியது. ஒரு நாள், ஏறி நின்று, வெண்ணெய் தடவிய ரொட்டித் துண்டால் காகங்களிலிருந்து எலியாவின் வாய் வரைக்கும் ஒரு கோடு இழுத்துவிட்டான். அதன்பின்பே அவன் மனம் ஆறியது.

அவ்வீட்டில் திருமறையை அன்போடு வாசித்தவன் அந்தச் சிறுவன் ஒருவனே என்று கூறத் தோன்றுகிறது. அவன் இழுத்த எண்ணெய்க் கறையைக் கண்ட பெற்றோர் எவரும் முதலில் படம் பாழாயிற்று என்றே எண்ணுவர். பசித்தவருக்கு அப்பம் போய்ச் சேர வேண்டும் என்ற கவலை அக்கறையில் இருப்பதைக் காணும் கண்ணை, குருமனைகளில் வாழும் நமக்குக் கர்த்தர் அருள்வாராக.