முதுமை வேறு, முதுமைத் தோற்றம் வேறு

மலர்க் கண்காட்சி எங்கு நடந்தாலும், தட்டில் குறுக்கி வளர்க்கும் போன்சாய் மரங்களுக்கென்று தனி அரங்கு போடுவது வழக்கமாகி வருகிறது. சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் பெங்களூரு போய்வருகிறவர்கள் லால்பாக் போன்சாய்த் தோட்டத்தைப் பற்றி வியந்து பேசுகிறார்கள். நம் ஊர் மொட்டைமாடிகளிலும் தட்டில் நிற்கும் ஆலும் இச்சியும் பெருகிவிட்டன. இந்த ரசனைக்கு ஒரு நியாயமும் சொல்லப்படுகிறது: நிலம் சுருங்கிவிட்ட காலத்தில் பெருமரங்களைக் காப்பாற்றித் தருவது இந்தக் கலைதான், நூறாண்டு மரத்தின் முன் நிற்கும் உணர்வைக் கைக்கெட்டும் உயரத்தில் தருவதும் இதுதான் என்கிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

போன்சாய் என்பது மரத்தை வதைப்பது என்ற பழைய குற்றச்சாட்டை நான் சொல்ல வரவில்லை. வேரைப் பக்குவமாகக் கத்தரித்தால் புதுச் சல்லிவேர் விடுகிறது. நன்றாகப் பேணிய தொட்டி மரம், தோட்டத்து மரத்தைவிட நீண்ட காலம்கூட வாழும். வாஷிங்டனில் உள்ள அமெரிக்கத் தேசிய மரத்தோட்டத்தில் 1625 முதல் வளர்க்கப்பட்டுவரும் வெள்ளைப் பைன் ஒன்று இருக்கிறது. 1945இல் ஹிரோஷிமா குண்டுவீச்சுக்குத் தப்பிய அதை, 1976இல் யமாகி என்ற ஜப்பானிய வளர்ப்பாளர் கொடையாகக் கொடுத்தார். தலைமுறை தலைமுறையாக ஒருநாளும் தவறாமல் தண்ணீர் வார்த்த கைகளை மதிக்காமல் இருக்க முடியாது.

ஆனால், அந்தப் பைனுக்குரிய மரியாதையை நம் தட்டுகளில் நிற்கும் ஆலுக்கும் இச்சிக்கும் அப்படியே கொடுத்துவிடுகிறோம். தவறு இங்கேதான் தொடங்குகிறது. பைனின் வயதுக்குச் சான்று, அதை வளர்த்த குடும்பத்தின் தொடர்ச்சி. ஆலுக்கும் அரசுக்கும் ஆண்டு வளையங்கள் தெளிவாக விழுவதில்லை. வெட்டிப் பார்த்தாலும் வயதை எண்ணிவிட முடியாது. கிழத்தோற்றத்தை உண்டாக்கவோ வழிகள் பல. நிலத்தில் சில ஆண்டுகள் வளரவிட்டு அடிமரத்தைப் பருக்க வைத்து, பிறகு வெட்டிக் குறைக்கலாம். பல கன்றுகளைச் சேர்த்துக் கட்டி ஒரே தண்டாக ஒட்டவிடலாம். கம்பி சுற்றிக் கிளைகளைத் தாழ்த்தலாம். பட்டையை உரித்து, பட்டுப்போன கிளைபோல் வெளுக்கவிடலாம். வெப்ப நாட்டில் வேகமாக வளரும் இந்த மரங்களுக்கு இதெல்லாம் சீக்கிரம் கைகூடும். இப்படி நிற்கும் ஒன்றின் அடியில் ‘வயது 60’ என்று எழுதினால், அது விதை முளைத்த நாளிலிருந்தா, சுவரில் முளைத்ததைப் பிடுங்கிய நாளிலிருந்தா, தட்டில் ஏறிய நாளிலிருந்தா? வளர்த்தவரின் குறிப்பு இல்லாதபோது அந்த எண் விலையை மட்டுமே சொல்கிறது.

வயதைச் சரியாகவே எழுதினாலும் என் மறுப்பு தீராது. போன்சாய் அழகியல், பாறை இடுக்கில் காற்றோடு மல்லுக்கு நிற்கும் ஊசியிலை மரத்தைப் பார்த்துப் பிறந்தது. பெரும்பாலும் ஒற்றைத் தண்டு, அடி பருத்து நுனி மெலியும் ஒழுங்கு, பார்ப்பவருக்கென்று ஒரு முன்பக்கம் என்பவை அதன் இலக்கணம். ஆலமரம் அப்படி முதுமை அடைவதில்லை. ஹவுரா தாவரவியல் தோட்டத்துப் பேராலுக்கு வயது 250க்கும் மேல். நோயுற்ற அதன் தாய்த்தண்டை 1925இல் வெட்டி அகற்றினார்கள். மரமோ விழுதுகளை ஊன்றி ஒன்றரை ஹெக்டேருக்கு மேல் பரவி நிற்கிறது. சென்னை அடையாறு ஆலமரத்தின் நடுத்தண்டு 1989 புயலில் சாய்ந்தது. விழுதுகள் மரத்தைத் தாங்கிக்கொண்டன. நடுவை இழந்தும் விளிம்பில் வாழ்வதே ஆலின் கிழப்பருவம். தண்டையே மையமாகக் கொண்ட தட்டில் அந்தப் பருவத்துக்கு இடமே இல்லை.

தட்டு மரத்தின் இலையைக் கத்தரித்துக் கத்தரித்துச் சிறிதாக்கலாம். பழத்தை அப்படிச் சிறிதாக்க முடியாது. ஆல், அரசு, அத்தி ஒவ்வொன்றுக்கும் மகரந்தம் சேர்க்க அதற்கே உரிய சின்னஞ்சிறு குளவி உண்டு. பழுத்த ஆலுக்குப் பச்சைப்புறாவும் குக்குறுவானும் குயிலும் மைனாவும் வரும். இரவில் பழந்தின்னி வௌவால் வரும். பட்டுப்போன கிளையின் பொந்தில் ஆந்தையும் கிளியும் குடியிருக்கும். ஒரு மரம் நூறாண்டு ஓரிடத்தில் நின்றதால் சேர்ந்த உறவுகள் இவை. இவற்றைக் கழித்துவிட்டால் மரத்தின் முதுமையில் மிஞ்சுவது சுருக்கம் விழுந்த பட்டை மட்டுமே. அதை மட்டும் காட்டி, ‘பெருமரத்தைக் காப்பாற்றிவிட்டோம்’ என்று சொல்வது பொய்.

தனி மனிதர் தம் மாடியில் வளர்க்கட்டும். அது அவர் விருப்பம். தாவரவியல் தோட்டம் அப்படி இருக்கக் கூடாது; கற்றுக்கொடுப்பது அதன் கடமை. லால்பாக்கிலேயே இருநூறு ஆண்டுகளைக் கடந்த இலவமரம் சுவர் சுவராக வேர்களைப் பரப்பி நிற்கிறது. முதுமை என்றால் என்னவென்று பிள்ளைகளுக்குக் காட்ட அந்த ஒரு மரம் போதும்.

சேலம், நாமக்கல் சமவெளியில் இது வெறும் ரசனைப் பேச்சாக முடிவதில்லை. நம்மிடம் இருந்த முதுமரங்கள் சாலைப் புளியமரங்கள். அவற்றின் காய்ப்பை ஏலம் விடுவார்கள். உலுக்கிய புளியைக் கோதும் வேலை எத்தனையோ பெண்களுக்குக் கூலி கொடுத்தது. நான்குவழிச் சாலைக்காகச் சேலம், நாமக்கல் வழியெங்கும் அவற்றை வெட்டினார்கள். மிஞ்சிய மரங்களின் தண்டில் சுண்ணாம்புப் பட்டை அடித்து எண் எழுதியிருக்கிறார்கள், வயதை எழுதவில்லை. தட்டு மரத்தின் வயதைக் கேட்டு வாய்பிளக்கும் நாம், சாலை மரத்தின் வயதைக் கேட்பதே இல்லை. முதுமையைக் கைக்கெட்டும் உயரத்தில் ரசித்துப் பழகிய கண்ணுக்கு, அண்ணாந்து பார்க்க வேண்டிய மரம் சாலைக்கு இடைஞ்சலாகத்தான் தெரியும்.

ஏற்காட்டுத் தோட்டமானாலும் கொல்லிமலைத் தோட்டமானாலும் போன்சாய் வைப்பதென்றால், அதன் பக்கத்திலேயே, அந்த மரம் மண்ணில் எவ்வளவு உயரம் வளரும், எவ்வளவு பரவும், எந்தப் பறவைகளுக்கு இரையும் பொந்தும் தரும் என்று எழுதி வைக்க வேண்டும். சேலம், நாமக்கல் மாவட்டங்களில் மீந்திருக்கும் முதுமரங்களுக்குத் தோராய வயதோடும் ஊரார் சொல்லும் வரலாற்றோடும் ஒரு பதிவேடு வேண்டும். மரம் வெட்ட அனுமதி கேட்கும் கோப்பில் அந்தப் பதிவு இணைக்கப்பட வேண்டும். தாவரவியல் அறிந்தவர்கள் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான். தட்டு மரத்துக்குப் பாராட்டும் பரிசும் அதற்குப் பிறகு கொடுத்துக்கொள்ளலாம்.