‘மனித உடலின் 50 அதிசயங்கள்’: வகுப்புக்கு எடுத்துப் போகும் முன்



நம் புலனக் குழுக்களில் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது வலம் வரும் ஒரு கோப்பு உண்டு. ‘மனித உடலின் 50 அதிசயங்கள்’. சில சமயம் 30, சில சமயம் 100. எழுதியவர் பெயர் இருக்காது. எலும்புக்கூடு படம் ஒன்று, மூளைப் படம் ஒன்று, வரிக்கு வரி ஆச்சரியக்குறி. சபைக்கூடலில் மாணவர் வாசிக்க, அறிவிப்புப் பலகையில் ஒட்ட, ஆண்டு 4, 5 மாணவர்களுக்குக் கருத்துணர்தல் பகுதியாகக் கொடுக்க என்று பல வேலைக்கு ஆகிறது. புத்தகத்தைத் தொடாத பையன்கூட இதைக் கேட்டு வாங்கிப் படிப்பான். நானும் பல வருஷம் பயன்படுத்தினேன். இப்போது ஒரு நூலை மதிப்பிடுவதுபோல இதை வரி வரியாகப் பார்க்க வைத்தது ஒரு சிட்டிகை உப்பு.

ஆண்டு 5 வகுப்பு. அன்றைய வரி, நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரங்களில் உப்பும் புளிப்பும், அடிநாக்கில் கசப்பு என்பது. பக்கத்தில் வண்ணம் பிரித்த நாக்குப் படம். மறுநாள் காலையில் ஒரு மாணவன் வந்து, “டீச்சர், வீட்ல உப்பு வச்சுப் பாத்தேன். நுனியிலயும் கரிக்குதே?” என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நீ சரியா வைக்கல. எச்சில் பட்டு ஓரத்துக்குப் போயிருக்கும்.” அவன் தலையாட்டினான். மாதச் சோதனையில் அதே கேள்வி வந்தது. ‘இனிப்பு’ என்று எழுதினான், முழுப் புள்ளி கொடுத்தேன். தன் நாக்கைவிட என் தாளை நம்பு என்று ஒரு பதினொரு வயசுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அவன் சொன்னதுதான் சரி. இந்தப் படத்தின் கதை 1901-இல் தொடங்குகிறது. ஹேனிக் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் நாக்கின் ஓரங்களில் சுவைக் கரைசல்களைச் சொட்டுச் சொட்டாக வைத்து, எந்த இடம் எந்தச் சுவையைக் கொஞ்சம் சீக்கிரம் உணர்கிறது என்று அளந்தார். வித்தியாசம் இருந்தது, ஆனால் மிகச் சிறியது. 1942-இல் அமெரிக்க உளவியலாளர் எட்வின் போரிங் தம் நூலில் அந்த அளவுகளை வரைபடமாக மாற்றிக் கொடுத்தார். அதைப் பார்த்தவர்கள், கோடு தாழ்வாக இருக்கும் இடத்தில் அந்தச் சுவையே தெரியாது என்று எடுத்துக்கொண்டார்கள். ‘கொஞ்சம் குறைவு’ என்பது ‘இல்லவே இல்லை’ ஆகிவிட்டது. 1974-இல் வெர்ஜினியா காலிங்ஸ் மறுபடி சோதித்தார். இடத்துக்கு இடம் வித்தியாசம் அற்பம், எல்லாச் சுவையும் சுவை மொட்டுகள் உள்ள எல்லா இடத்திலும் தெரிகிறது என்றே கண்டார். நம் பள்ளிச் சுவர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

இதில் தமிழாசிரியர்களான நமக்கென்று ஒரு தனிச் சங்கடமும் இருக்கிறது. ஒரு சுவரில் நான்கு சுவை நாக்குப் படம். எதிர்ச் சுவரில் அறுசுவை அட்டை: இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, கார்ப்பு, துவர்ப்பு. இரண்டையும் ஒரே வகுப்பில் மாட்டியிருக்கிறோம். “காரம் நாக்குல எங்க டீச்சர் இருக்கு?” என்று எந்தப் பிள்ளையும் கேட்கலாம். கேட்டால் அது அன்றைய பாடத்திலேயே சிறந்த கேள்வி. மிளகாய் நறுக்கிய கையால் கண்ணைத் தேய்த்துவிட்டால் என்ன ஆகிறது? எரிகிறது. கண்ணில் சுவை மொட்டு கிடையாது, ஆனாலும் எரிகிறது. ஏனென்றால் காரம் என்பது உடலுக்குச் சூடும் வலியும் போன்ற ஓர் உணர்வு. சுடுபொருள் பட்டால் விழித்துக்கொள்ளும் அதே உணர்வியை மிளகாயில் உள்ள காப்சைசின் தட்டி எழுப்புகிறது. அந்த உணர்வியை 1997-இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். துவர்ப்பும் அப்படித்தான், பெரும்பாலும் தொடு உணர்வு. பாக்கிலும் வாழைப்பூவிலும் கடுந்தேநீரிலும் உள்ள தானின் எச்சிலில் இருக்கும் புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. வழவழப்புப் போய் வாய் வறண்டு சொரசொரக்கிறது. அறுசுவைக் கணக்கு தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. வாயில் உணர்வதையெல்லாம் சேர்த்து வகைப்படுத்திய கணக்கு அது. ஆய்வகத்தார் கணக்கு வேறு. அதில் 1908-இல் ஜப்பானியர் கிகுனே இக்கேடா சொன்ன உமாமியும் சேர்ந்து இப்போது ஐந்து. நெத்திலி சம்பல் சாப்பிடும் பிள்ளைக்கு உமாமியை விளக்கவா வேண்டும்? இத்தனையும் பேசியிருக்கக்கூடிய இடத்தில் நம் தாள் ஒரே வரியில் முடித்துவிடுகிறது, அதுவும் தவறாக.

அடுத்தது கண். ‘பிறந்ததிலிருந்து வளராத ஒரே உறுப்பு கண்!’ ஏறக்குறைய எல்லாப் பதிப்பிலும் இந்த வரி உண்டு. பிறந்த குழந்தையின் கண் முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 17 மில்லிமீட்டர், பெரியவர்களுக்கு 24. இந்த வளர்ச்சி முதல் இரண்டு மூன்று வயதிலேயே பெரும்பாலும் நடந்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. வகுப்பில் கண்ணாடி போட்ட பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் கிட்டப்பார்வை. விழி அளவுக்கு மீறி நீளமாக வளர்ந்துவிட்டது, உருவம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுகிறது. கூடுதலாக ஒரு மில்லிமீட்டர் நீண்டாலே கண்ணாடிக் கடையில் சொல்லும் ‘பவர்’ ஏறத்தாழ 250, 300 ஆகிவிடும். பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை தொடங்கும் வாய்ப்புக் குறைவு என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இது அந்தப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. கண்ணாடி போட்ட பிள்ளையை எழுப்பி, ‘கண் வளரவே வளராது’ என்று சபைக்கூடலில் வாசிக்கவைத்திருக்கிறோம், பாருங்களேன்.

சில வரிகளை நீட்டிப் பேச வேண்டியதில்லை. நாம் மூளையில் 10 விழுக்காடுதான் பயன்படுத்துகிறோமாம். உடல் எடையில் 2 விழுக்காடே இருக்கும் மூளை, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடலின் சக்தியில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைத் தின்கிறது. வேலையே செய்யாத ஆளுக்கு யாராவது இவ்வளவு சோறு போடுவார்களா? தும்மும்போது இதயம் நின்றுவிடும் என்பது பொய். செத்த பிறகு நகமும் முடியும் வளரும் என்பதும் பொய். தோல் வறண்டு சுருங்குவதால் நீண்டதுபோல் தெரிகிறது. சிரையில் ஓடும் இரத்தம் நீலம் இல்லை, கருஞ்சிவப்பு. படத்தில் நீலம் அடிப்பது பிரித்துக் காட்டுவதற்காக.

இரத்தக் குழாய் வரியில் கொஞ்சம் நிற்க வேண்டும். ‘நம் உடலில் உள்ள நரம்புகளை நீட்டி வைத்தால் 1,00,000 கிலோமீட்டர், பூமியை இரண்டரை முறை சுற்றலாம்!’ முதல் கோளாறு மொழியில். பேச்சுத் தமிழில் நமக்கு எல்லாமே நரம்புதான். ஊசி போடப்போனால் “நரம்பு கிடைக்கல” என்கிறோம், கழுத்துப் பிடித்தால் “நரம்பு இழுத்துக்கிச்சு” என்கிறோம், கோபக்காரருக்கு “நரம்புத் தளர்ச்சி” என்கிறோம். முதலாவது சிரை, இரண்டாவது பெரும்பாலும் தசை, மூன்றாவதில்தான் நரம்பு வருகிறது. வீட்டில் பேசட்டும், யார் வேண்டாமென்றது? தமிழ் வகுப்புக்கு வரும் தாளில் தமனி, சிரை, தந்துகி, நரம்பு நான்கும் நான்கு சொல்லாக இருக்க வேண்டாமா? சொல் இருந்தும் பயன்படுத்தவில்லை என்பதுதான் வருத்தம்.

இரண்டாவது, அந்த எண். இது தந்துகிகளைப் பற்றியது. 1920-இல் நோபல் பரிசு பெற்ற டென்மார்க் உடலியலாளர் ஆகஸ்ட் குரோக், 1922-இல் வெளிவந்த தம் நூலில் போட்ட கணக்கு. ஒருவரின் தசை 50 கிலோ என்றும், தசையின் குறுக்குவெட்டில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 2,000 தந்துகிகள் என்றும் வைத்துக்கொண்டார். 50 கிலோ தசை ஏறக்குறைய 50 லிட்டர், அதாவது 50 மில்லியன் கன மில்லிமீட்டர். ஒவ்வொரு கன மில்லிமீட்டரிலும் ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 2,000 குழாய்கள். பெருக்கினால் 1,00,000 மில்லியன் மில்லிமீட்டர், அதுவே 1,00,000 கிலோமீட்டர். கணக்கில் பிழையில்லை, எடுத்துக்கொண்ட ஆள்தான் சாதாரண ஆள் இல்லை. சாதாரண உடம்பில் 50 கிலோ தசை ஏது? தந்துகிகளின் அடர்த்தியும் அவ்வளவு இல்லை. புதிய மதிப்பீடுகள் 9,000 முதல் 19,000 கிலோமீட்டர் வரை என்கின்றன. நூறாண்டாக அந்த ‘வைத்துக்கொண்டார்’ மட்டும் விடுபட்டு, விடை மட்டும் ஊர் சுற்றுகிறது. ஆண்டு 6 பிள்ளைகளிடம் இந்தப் பெருக்கலைக் கொடுத்துப் பாருங்கள். தசையை 25 கிலோவாக்கு, அடர்த்தியைக் குறை, என்ன வருகிறது என்று கேளுங்கள். உயர்நிலைச் சிந்தனைக் கேள்விக்காக மண்டையை உடைத்துக்கொள்கிறோமே, இதோ ஒன்று.

நல்ல வரிகளே இல்லை என்று நினைக்க வேண்டாம். பிறக்கும்போது ஏறத்தாழ 300 எலும்பு, வளர்ந்த பின் 206 என்பது சரி. படித்தவுடன் பிள்ளைகள் கேட்பார்கள், “மிச்சம் எங்க போச்சு?” தாளில் பதில் இல்லை. எதுவும் போகவில்லை, ஒன்றோடொன்று இணைந்துவிட்டன. இடுப்புக்குப் பின்னால் உள்ள திருவெலும்பு ஐந்து முள்ளெலும்புகள் சேர்ந்து ஒன்றானது. இந்த ஒரு வாக்கியம் இருந்திருந்தால் போதும்.

காலையில் நாம் கொஞ்சம் உயரம் என்ற வரியும் உண்மை, எனக்கு மிகப் பிடித்ததும் அதுதான். முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டத் தட்டுகள் படுத்திருக்கும்போது நீரை உறிஞ்சி உப்புகின்றன; எழுந்து நடமாடினால் உடல் எடை அழுத்தி நீர் வெளியேறுகிறது. இரவுக்குள் சுமார் ஒரு செண்டிமீட்டர் குறைந்துவிடும். பள்ளிக்கு வந்த பிறகு அளக்காதீர்கள், நான் செய்து ஏமாந்தேன். எழுந்த முதல் மணி நேரத்திலேயே பாதி போய்விடுகிறது. படுக்கையை விட்டு எழுந்ததும் கதவு நிலையில் அம்மாவைப் பென்சில் கோடு போடச் சொல்லுங்கள், இரவு தூங்கப்போகும் முன் இன்னொன்று.

சரி, “சின்னப் பிள்ளைங்கதானே, ஆர்வம் வந்தா போதாதா?” என்று ஒரு சக ஆசிரியை கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் இந்த 50 வரியில் ‘ஏனெனில்’ எத்தனை முறை வருகிறது என்று எண்ணினேன். ஒரு முறைகூட இல்லை. ‘ஆகவே’, ‘அதனால்’ அதுவும் இல்லை. இந்த இடைச்சொற்களை இலக்கணப் பாடத்தில் தனி வாக்கியங்களாக எழுதவைக்கிறோம். அவற்றுக்கு உண்மையிலேயே வேலை இருக்கும் பகுதியில் அவை இல்லை. கேள்விகளும் எத்தனை, எவ்வளவு, எது என்றே வருகின்றன. 2003-இல் அறிவியல் ஆங்கிலத்துக்கு மாறியது, பிறகு திரும்பியது, 2016 முதல் சில பள்ளிகளில் இருமொழித் திட்டம். அப்படிப்பட்ட பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு உடலைப் பற்றித் தமிழில் காரணம் சொல்லும் வாக்கியம் கிடைக்கும் இடம் பெரும்பாலும் நம் தமிழ் வகுப்புதான். அங்கே கிடைப்பது ஆச்சரியக்குறி மட்டும் என்றால், காரணம் சொல்ல அந்தப் பிள்ளை எந்த மொழிக்குப் போகும்?

நான் என் கோப்பில் நாக்கு, கண், மூளை, தும்மல், நகம் ஐந்தையும் அடித்துவிட்டேன். குழாய் வரியைக் கணக்காக மாற்றினேன். எலும்பு, உயரம் இரண்டையும் தலா ஒரு பத்தியாக விரித்து எழுதி, ‘ஏன்’ என்ற கேள்விகளோடு ஆண்டு 5-க்குக் கொடுத்திருக்கிறேன். மீதி வரிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வருகிறேன், வாரத்துக்கு இரண்டுதான் முடிகிறது. உப்பு வைத்துப் பார்த்த மாணவன் இப்போது இடைநிலைப்பள்ளியில். போன மாதம் கடைத்தெருவில் பார்த்தபோது விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “எனக்கு அப்பவே தெரியும் டீச்சர், புள்ளிக்காகத்தான் எழுதினேன்” என்று சிரித்தான். அறிவியல் அறையில் அந்த நாக்குப் படம் இன்னும் தொங்குகிறது. உயரத்தில் இருக்கிறது, ஏணி கேட்டிருக்கிறேன்.