‘ஒருவேளை’ யாருடைய சொல்?

ஐயத்தைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ‘கொல்’ என்னும் இடைச்சொல் ஐயப்பொருளில் வரும் என்று தொல்காப்பிய இடையியலே விதி வகுத்துவிட்டது. அச்சொல் வழக்கொழிந்தபின் அதன் இருக்கையில் இன்று அமர்ந்திருப்பது ‘ஒருவேளை’. ஒரு நேரத்தைச் சுட்டப் பிறந்த சொல், நிகழ்ந்தாலும் நிகழும் என்னும் தயக்கத்தைச் சுட்டலாயிற்று.

இச்சொல் திருமறையின் தமிழாக்கத்துள் புகும்போதுதான் சிக்கல் எழுகிறது. அரபியில் ‘லஅல்ல’ என்பது எதிர்பார்ப்பையும் அச்சத்தையும் உணர்த்துவது. அதனை எங்கும் ‘ஒருவேளை’ என்றே பெயர்த்தால், யாவும் அறிந்த இறைவனுக்கும் ஐயமுண்டோ எனப் படிப்போர் மயங்குவர். அதற்கஞ்சி எங்கும் ‘பொருட்டு’ என்று எழுதிவிடுவோமாயின் ஐயம் நீங்கும். ஆனால் நம்பிக்கையும் உடன் நீங்கிவிடுமே!

தாஹா அத்தியாயத்தின் 44ஆம் வசனத்தை நோக்குவோம். ஃபிர்அவ்னிடம் மென்மையாகப் பேசுமாறு நபி மூஸா (அலை), நபி ஹாரூன் (அலை) இருவருக்கும் கட்டளை பிறக்கிறது. அவன் உணர்வு பெறக்கூடும் என்னுமிடத்தில் ‘லஅல்ல’ வருகிறது. அவனது முடிவை இறைவன் அறிவான். எனவே, அவ்வெதிர்பார்ப்பு ஏவப்பட்ட இருவருக்கும் உரியது என்று எட்டாம் நூற்றாண்டின் இலக்கண மேதை சீபவைஹி விளக்கினார். ஆகவே ‘ஒருவேளை’ இங்கே பொருந்தும். ஆனால் அது தூதர்களின் ‘ஒருவேளை’.

நோன்பைக் கடமையாக்கும் 2:183ஆம் வசனமும் இத்தகையதே. பசித்திருந்தோர் அனைவரும் இறையச்சம் பெற்றுவிடுவதில்லை. ‘பொருட்டு’ என்பது நோக்கத்தை மட்டும் சொல்லும். ‘ஆகக்கூடும்’ என்பதோ நம்மை எச்சரிக்கவும் செய்யும்.

பீங்கான் தொழிலுக்குப் பேர்பெற்ற விருத்தாசலத்தில் இதற்கோர் உவமை உண்டு. மண்ணைக் குழைத்து, அச்சில் வார்த்து, உலர்த்திச் சூளையில் அடுக்கியவர், சூளை ஆறித் திறக்கும்வரை விரிசலை அறியார். உழைத்து முடித்த அவர் நாவில் வரும் ‘ஒருவேளை’க்கு மதிப்புண்டு. மண்ணையே தொடாதவன் சொல்லும் ‘ஒருவேளை’ வெறும் சாக்குப்போக்கு.

நம் இல்லங்களில் ‘இன்ஷா அல்லாஹ்’ படும் பாடும் இதுவே. நாளை செய்வேன் என்னும் சொல்லோடு இறைநாட்டத்தையும் சேர்த்துரைக்குமாறு கஹ்ஃப் அத்தியாயம் (18:23, 24) கற்பித்தது, செய்யத் துணிந்தவனின் பணிவுக்காக. கடனைத் திருப்பித் தர மனமில்லாதவர் மறைந்துகொள்ளும் திரையாக அன்று.

மொழிபெயர்ப்பிலும் வாழ்விலும் ‘ஒருவேளை’ என்னுமுன், அந்த ஐயம் யாருடையது என்று நம்மையே கேட்டுக்கொள்வோமாக.